செம்மண் ஏற்றத்தில் சாடும் ஜீப்: பின் ஆக்ஸில் துள்ளல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தின் கடையால், ஆறுகாணி, பத்துகாணி பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கோளாறு புதிதல்ல. மழையில் ஊறிய செம்மண் ஏற்றத்தில் வண்டி பாதி தூரம் ஒழுங்காக ஏறும். பின்சக்கரம் ஒருமுறை வழுக்கும். அடுத்த நொடியே பின்பக்கம் முழுவதும் தடதடவென்று அடித்துக்கொண்டு துள்ளத் தொடங்கும். ஆக்சிலேட்டரைக் கூட்டினால் துள்ளல்தான் கூடும். வண்டி ஓர் அடி நகராது. அதோடு விடாமல் மிதித்தால் ஜாயின்ட் கிராஸ் (ஷாஃப்ட் மூட்டின் சிலுவைத் துண்டு), ஆக்ஸில் ஷாஃப்ட், ஷாக் (ஷாக் அப்சார்பர்) பிராக்கெட் என்று ஏதாவது ஒன்று உடைந்து வண்டி வழியிலேயே கிடக்கும்.

இப்படிப்பட்ட ஒரு வண்டியின் கதை இது. பழுது பார்க்கப் பலமுறை கைவைத்தும் தீராத கோளாறு. தீராததற்குக் காரணம், எல்லாரும் சக்கரம் மேலும் கீழும் குதிப்பதையே பார்த்தார்கள். பார்த்திருக்க வேண்டியது ஆக்ஸில் தன் அச்சில் முறுக்கிக்கொள்வதை. குதிப்பு அதன் விளைவு மட்டுமே.

வண்டியும் வழியும்

முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் உள்ள, குட்டை வீல்பேஸ் டீசல் ஜீப். பார்ட்-டைம் நாலுவீல் (வேண்டும்போது மட்டும் போடுவது), இரண்டு ஆக்ஸிலிலும் ஓப்பன் டிஃபரன்ஷியல் (பூட்டு இல்லாதது), கிரவுன் விகிதம் 5.38 (சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 5.38 சுற்று). 16 அங்குல ரிம்மில் ட்யூப் போட்ட மட் டயர். பின்பட்டையின் முன் நுனி சேஸிஸில் நிலையாக மாட்டியது, பின் நுனியில் ஷேக்கிள் (ஊஞ்சல்போல் ஆடும் இணைப்பு).

இந்த வண்டியின் வேலை ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். காலையில் காலி பேரல்களோடு மேலே ஏறும். ரப்பர் பால் சேர்ந்ததும் நிறைந்த பேரல்களோடு கீழே இறங்கும். 200 லிட்டர் பேரல் ஒன்றில் பால் மட்டுமே 200 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பேரல் என்றால் ஏறும்போது இல்லாத 400 கிலோ இறங்கும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும். இந்த லோடுக்காகப் பின்பட்டையை ஒரு பட்டறையில் கனமாக்கியிருந்தார்கள். அதாவது பட்டையைக் கனமாக்கியது இறக்கத்துக்காக. கோளாறு வருவது ஏற்றத்தில், காலி வண்டியில். இந்த முரண்பாட்டில்தான் பாதி விடை இருந்தது.

மழைக்காலத்தில் ஏறாமல் இருந்துவிடவும் முடியாது. மரத்தில் ரெயின் கார்டு (வெட்டில் மழைநீர் படாமல் காக்கும் மறைப்பு) ஒட்டியபின் சாரலிலும் பால்வெட்டு நடக்கிறது. எடுத்த பால் மணிக்கணக்கில் நின்றால் உறையத் தொடங்கும். அம்மோனியா சேர்த்தாலும் வண்டி நேரத்துக்கு வந்தாக வேண்டும். குமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் தென்மேற்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கும் என்று இரண்டு பருவமழை. வழி நனையாத மாதங்கள் குறைவு.

வழி ஒரே தன்மையில் இல்லை. பெரும்பகுதி வெட்டுக்கல் சரளை கலந்த செம்மண். மழை பெய்தால் மேலே ஒரு விரல் கனத்துக்குச் சேறு, அடியில் கெட்டியான தரை. வளைவுகளில் மட்டும் கான்கிரீட் போட்டிருக்கிறது. மரநிழலில் அந்தக் கான்கிரீட் பாசி பிடித்துக் கிடக்கும். சக்கரம் சேற்றில் வழுக்கும், அரை அடியில் சரளையைப் பிடிக்கும், மறுபடி வழுக்கும். பிடிப்பு இப்படி மாறி மாறி வரும் தரைதான் துள்ளலுக்கு ஏற்ற தரை. ஒரே சீரான சேற்றுக்குட்டையில் வண்டி சும்மா சுற்றி நிற்கும், துள்ளாது.

ஓட்டுநர் சொன்ன புகார் இவ்வளவுதான்: "காலியா கேறும்போதான் பின்னால கெடந்து சாடுது. லோடு இருந்தா ஒண்ணும் இல்ல அண்ணே." இந்த இரண்டு வாக்கியத்தைப் பொறுமையாகக் கேட்டிருந்தால் முன்னால் செய்த செலவில் பாதி மிஞ்சியிருக்கும். அதுவரை கிளட்ச் பிளேட் மாற்றியாயிற்று. பின் ஷாஃப்டின் ஜாயின்ட் கிராஸ் உடைந்து மாற்றி, மறுபடியும் உடைந்திருக்கிறது. டயர் புதிதாகப் போட்டாயிற்று. கடைசியில் யாரோ சொல்லி மணல் மூட்டை ஏற்றிப் பார்த்ததில் துள்ளல் குறைந்தது. "எடை போதவில்லை" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இன்னொரு செய்தி விசாரித்த பிறகே வந்தது. பேரல் ஏற்றினால் பின்பக்கம் படுக்கிறது என்று ஒரு பட்டறையில் பின்பட்டையில் ஓர் இலை (ஸ்பிரிங் தகடு) கூடுதலாகச் சேர்த்து, ஷேக்கிளையும் நீளமாக மாற்றியிருக்கிறார்கள். பின்பக்கம் ஏறக்குறைய 2 அங்குலம் உயர்ந்தது. ஷாக் மட்டும் பழையது, பழைய நீளம்.

துள்ளும்போது நடப்பது என்ன

எஞ்சின் தரும் முறுக்கு 4-லோ (நாலுவீலின் குறைவேக நிலை) முதல் கியரில் இந்த வகை ஜீப்களில் 40 மடங்குக்கு மேல் பெருகிச் சக்கரங்களுக்குப் போகிறது. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் அதே விசை, ஆக்ஸில் ஹவுசிங்கைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கும். ஹவுசிங் சுழலாமல் பிடித்துவைப்பது பின்பட்டை ஒன்றுதான். ஆகவே பினியன் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் ஹவுசிங்கின் முன்முனை) மேலே தூக்கும், பட்டை 'எஸ்' வடிவத்தில் வளையும். அந்த வளைவில் விசை சேர்ந்து நிற்கிறது.

டயரின் பிடி விட்டதும் பட்டை விடுபட்டுத் திரும்பி அடிக்கிறது. பினியன் மூக்கு கீழே வருகிறது, டயர் தரையில் மோதுகிறது, மோதிய அழுத்தத்தில் பிடி கிடைக்கிறது, மறுபடி முறுக்கு ஏறுகிறது. மேசை ஓரத்தில் ஒரு முனையை அழுத்திக்கொண்டு மறுமுனையைத் தட்டிவிட்ட ஸ்கேல் போல ஆக்ஸிலுக்கும் தனக்கென்று ஒரு துடிப்பு வேகம் உண்டு. கட்டை ஆக்ஸில் வண்டிகளில் அது பெரும்பாலும் நொடிக்கு 8 முதல் 15 துடிப்புக்குள் இருக்கும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கும்வரை ஒவ்வொரு துடிப்புக்கும் எஞ்சின் தீனி போடுகிறது.

இதைத் தின்று தீர்க்கும் வேலை ஷாக்குடையது. பட்டை இலைகள் ஒன்றோடொன்று உரசுவதும் கொஞ்சம் தின்னும். டயர் ரப்பரில் அடக்கும் தன்மை மிகக் குறைவு. அது காற்றடைத்த ஸ்பிரிங் மாதிரிதான் வேலை செய்யும்.

அப்படியானால் கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டு: விசை எங்கே, ஏன் இவ்வளவு சேர்கிறது, சேர்ந்ததை ஏன் யாரும் அடக்கவில்லை.

முதலில் இது துள்ளல்தானா?

அதிர்வு எல்லாம் துள்ளல் ஆகாது. கிளட்ச் நடுக்கம் கிளட்சை விடும் அந்தக் கணத்தில் வரும், முழுவதும் விட்டதும் நின்றுவிடும். இங்கே அப்படியில்லை, கிளட்ச் பிளேட் மாற்றியது வீண். ரிம்முக்குள் செம்மண் அப்பிக் காய்ந்தால் தார்ரோட்டில் 40, 50 கி.மீ. வேகத்தில் வண்டி உதறும், கழுவினால் போய்விடும். ஸ்டீயரிங் உதறல் முன் ஆக்ஸிலைச் சேர்ந்தது, வேறு விவகாரம்.

ஜாயின்ட் கிராஸ்தான் குழப்பும். கோணம் கெட்ட ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இருமுறை அதிரும். சக்கரம் நொடிக்கு 1 சுற்று சுற்றினால் ஷாஃப்ட் 5.38 சுற்று, அதிர்வு நொடிக்கு 10.8. ஆக்ஸில் துடிப்பும் கிட்டத்தட்ட 10தான். ஒரு வேகத்தில் மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஜாயின்ட்டைக் குற்றவாளியாக்கி இருமுறை மாற்றியது இப்படித்தான்.

பிரிக்கும் வழி எளிது. செல்போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் வைத்து, பக்கவாட்டில் பத்தடிக்கு அப்பால் நின்று எடுக்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு, பினியன் மூக்கில் வெள்ளைப் பெயின்ட் பொட்டு. ஒரே ஏற்றத்தில் இருமுறை: ஒருமுறை சக்கரம் மெதுவாகச் சுற்றும்படி, ஒருமுறை வேகமாக. ஒரு துள்ளலுக்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணினால் போதும். இந்த வண்டியில் சக்கர வேகம் எதுவானாலும் 24 ஃபிரேமை ஒட்டியே வந்தது, அதாவது நொடிக்குப் 10. சக்கரம் வேகமாகச் சுற்றியபோது துள்ளலின் உயரம் கூடியது, எண்ணிக்கை கூடவில்லை. ஜாயின்ட் அதிர்வாக இருந்தால் எண்ணிக்கையும் கூடியிருக்கும். ரிம் வளைந்திருந்தால் சுண்ணாம்புக் கோடு ஒரே இடத்துக்கு வரும்போதெல்லாம் குதித்திருக்கும்.

அதே படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. வெள்ளைப் பொட்டு மேலே போனபிறகுதான் டயர் எழும்புகிறது. முறுக்கு முன்னால், குதிப்பு பின்னால். இடது பக்கத்தில் அது வலதைவிடத் தெளிவாக இருந்தது.

இந்தப் படம் எடுக்கும்போது ஏற்றத்தின் கீழ்ப்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, வண்டியின் நேர் பின்னாலும் கூடாது. துள்ளும் வண்டி பக்கவாட்டில் தாண்டும். சரளைக் கல்லைத் தோட்டா மாதிரி எறியும்.

நின்ற வண்டியில் பார்த்தவை

டயர் சுற்றளவை முதலில் முடித்தோம். கான்கிரீட்டில் சுண்ணாம்பு அடையாளம் வைத்து ஒரு சுற்று உருட்டி அளந்ததில் முன்னும் பின்னும் ஒரு சதவீதத்துக்குள் இருந்தது. இதைப் பார்க்காமல் விடக் கூடாது: 6 மி.மீ. தேய்ந்த டயர் ஒரு சுற்றில் 38 மி.மீ. குறைவாக உருளும். முன்னால் தேய்ந்த ஜோடி, பின்னால் புது ஜோடி என்றிருந்தால் நாலுவீலில் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று முறுக்கும். பிடிப்புள்ள கான்கிரீட் வளைவில் அது விடுபடும்போது வரும் 'தொப்' என்ற அடியையும் துள்ளல் என்றே சொல்வார்கள். அந்த அடி இரண்டு வீல் டிரைவுக்கு (பின்சக்கரம் மட்டும்) மாற்றினால் நின்றுவிடும். இந்த வண்டி இரண்டு வீல் டிரைவிலும் துள்ளியது.

எஞ்சின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட் சரி. பட்டையின் முன் கண் (நுனி வளையம்) புஷ் தேய்மானம் உண்டு, ஆனால் கம்பியால் நெம்பிப் பார்த்ததில் பெரிய ஆட்டம் இல்லை. காற்று நாலு டயரிலும் 34 பவுண்டு (psi). காலி ஜீப்புக்கு, அதுவும் சேற்று ஏற்றத்துக்கு, இது மிக அதிகம்.

பின் ஷாக்குகளைக் கழற்றாமலேயே ஒன்று புரிந்தது. பின்பக்கம் 2 அங்குலம் உயர்ந்ததில், நிற்கும் நிலையிலேயே ஷாக் கிட்டத்தட்ட முழுவதும் நீண்டிருந்தது. இன்னும் நீள மிச்சம் இருந்தது 20 மி.மீ. சக்கரம் கீழே இறங்கும்போதெல்லாம் அது நுனியில் போய் இடித்து நிற்கும். ஷாக்கின் வேலை அடக்குவது. இங்கே அது சங்கிலி மாதிரி இழுத்துப் பிடித்திருக்கிறது. இடது கீழ் பிராக்கெட்டின் வெல்டிங்கில் முக்கால்வாசி பிளவு. கழற்றிக் கையால் இழுத்தபோது இரண்டிலும் நடுவில் எதிர்ப்பே இல்லை. நல்ல ஷாக்கை இழுப்பது அழுத்துவதைவிடக் கடினமாக இருக்கும், இழுவை முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருக்கும். இது தளர்வாக வந்து கடைசியில் 'டக்' என்று நின்றது.

அடுத்தது பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ-போல்ட். இடது பின்பட்டையின் மேல் சேற்றைக் கம்பி பிரஷால் சுரண்டியதும், பட்டை உட்காரும் மேடையின் முன்விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் மாவு மாதிரி துரு. அதற்கு நடுவே முடியளவில் பளபளவென்று ஒரு வெள்ளிக் கோடு. சாதாரணத் துரு கறுத்த பழுப்பாக இருக்கும், ஒட்டிக்கொண்டிருக்கும். இரும்பும் இரும்பும் ஓயாமல் உரசிய இடத்தில்தான் இப்படி மாவாக உதிரும். அந்தக் கோடு, மேடை பட்டைமேல் முன்னும் பின்னும் நகர்ந்ததற்கு வண்டி தானே எழுதிவைத்த சாட்சி. ஸ்பேனர் வைத்ததும் நட்டு கையோடு வந்தது.

முன் கண்ணின் நடுவிலிருந்து ஆக்ஸில் நடு வரை இரு பக்கமும் அளந்ததில் இடது 9 மி.மீ. பின்னால் போயிருந்தது. இலைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட் இரண்டு துண்டாக உடைந்திருந்தது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பின்பாதிக் கிளிப் ஒன்று திறந்துகிடந்தது.

யூ-போல்ட் ஏன் தளர்ந்தது? இலை கூட்டியபோது பழைய யூ-போல்ட்டையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை முழுக்க இறுக்கிய யூ-போல்ட் நீண்டிருக்கும், மரையும் நைந்திருக்கும். அதே இறுக்கம் மறுபடி நிற்காது. புது இலையின் மேல் பெயின்ட் அப்படியே இருந்தது. ஓடும்போது அந்தப் பெயின்ட் நசுங்கித் தேய, அடுக்கின் கனம் குறைய, இறுக்கம் போயிற்று. கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி இறுக்கவும் இல்லை.

இறுக்கமான யூ-போல்ட் பட்டையின் நடுப்பகுதியை அசையாத கட்டையாக்கிவிடும். அதற்கு வெளியே உள்ள நீளம் மட்டுமே வளையும். அது தளர்ந்தால் வளையும் நீளம் கூடும், முறுக்குக்கு எதிராகப் பட்டை மெலியும், போதாததற்கு மேடையே தனியாக ஆடும். கிளிப் திறந்ததும் அதே பக்கம்தான் சேர்கிறது. முன்னோக்கி டிரைவ் போடும்போது பின்பாதியில் மெயின் இலை மற்றவற்றைவிட்டுப் பிரியப் பார்க்கும். கிளிப் இல்லையென்றால் அந்த ஓர் இலை தனியாகத் தாங்க வேண்டும்.

நீள ஷேக்கிள் செய்த வேலை வேறு. பட்டையின் பின் நுனி சேஸிஸைவிட்டுத் தள்ளி இறங்கியதால் மேடையே சாய்ந்து பினியன் மூக்கு நிற்கும்போதே மேல்நோக்கித் தூக்கியிருந்தது. ஷாஃப்டின் இரு முனை ஜாயின்ட் கோணமும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும்; கோண அளவி காட்டிய வித்தியாசம் 5 டிகிரி. துள்ளும்போது மூக்கு இன்னும் மேலே போகும். கிராஸ் உடைந்ததில் வியப்பில்லை.

முறுக்கை நின்ற இடத்திலேயே பார்ப்பது

இந்தச் சோதனை மேலே சொன்னதை உறுதிப்படுத்தியது. சமதரையில் நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்காமல் (பின்பிரேக் சக்கரத்தை ஹவுசிங்கோடு சேர்த்துப் பிடித்தால் பட்டைக்கு முறுக்கு வராது), பெடல்மேல் காலைத் தயாராக வைத்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சை மெதுவாகக் கடிக்கும் இடம்வரை விட்டு உடனே மிதிக்க வேண்டும். அடுத்து ரிவர்ஸில் அதே மாதிரி. பார்ப்பவர் பக்கவாட்டில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பினியன் மூக்கையும் மேடையையும் பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது.

ஹேண்ட் பிரேக்கை நம்பி இதைச் செய்தால் ஒன்றும் தெரியாது. பல பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கிறது. ஷாஃப்டையே பிடித்துவிட்டால் முறுக்கு ஆக்ஸிலுக்குப் போகாது.

பட்டை கொஞ்சம் வளைவது இயல்பு. பார்க்க வேண்டியது பட்டைக்கும் மேடைக்கும் இடையில் அசைவு உண்டா என்பது. அங்கே அசைவு பூஜ்யமாக இருக்க வேண்டும். வலது பக்கம் அப்படியே இருந்தது. இடது பக்கம் முன்னுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றும்போது கண்ணுக்குத் தெரியவே நகர்ந்தது, 'டொக்' என்ற சத்தத்தோடு.

சரிசெய்த வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் வண்டி சரியாகியிருக்கும். எது எவ்வளவு காரணம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஆகவே ஒவ்வொன்றாக, அதே ஏற்றத்தில், காலி வண்டியில், மழை பெய்து நனைந்த நிலையில்.

காற்று மட்டும் 34லிருந்து 20 பவுண்டுக்கு. துள்ளல் தொடங்கும் இடம் மேலே தள்ளிப்போனது, நிற்கவில்லை. டயர் நீளமாகத் தரையில் படுவதால் பிடி கூடுகிறது, அவ்வளவுதான். ட்யூப் டயரில் இதற்குக் கீழே போகத் தயங்க வேண்டும். டயர் ரிம்மில் வழுக்கினால் ட்யூப்பின் வால்வு அடியோடு கிழிந்துவிடும். மிகவும் குறைத்தால் பக்கச்சுவரே முறுக்கிக்கொண்டு புதிதாக ஒரு துள்ளலைக் கொடுக்கவும் செய்யும். தார்ரோட்டுக்கு வருமுன் காற்றைத் திருப்பி ஏற்ற வேண்டும்.

அடுத்து பட்டை வேலை. இலைகளைப் பிரித்துக் கழுவி, உட்காரும் பரப்புகளில் பெயின்டும் துருவும் இல்லாமல் இரும்பு தெரியச் சுரண்டி, புது சென்டர் போல்ட், புது யூ-போல்ட், புதுக் கிளிப். சென்டர் போல்ட் தலை மேடைத் துளையில் முழுவதும் இறங்கியதா என்று விரலால் தடவிப் பார்த்தபிறகே இறுக்கத் தொடங்க வேண்டும். இறுக்குவது குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக, வண்டி தரையில் நிற்கும்போது, டார்க் ரெஞ்ச் வைத்து, அந்த வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு. நாலு நட்டுக்கும் வெளியே நீட்டும் மரை ஒரே அளவாக இருந்தால் மேடை நேராக உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கட்டத்திலேயே பெரிய மாற்றம் தெரிந்தது: மிதமாக ஏறினால் துள்ளலே இல்லை, வேண்டுமென்றே சக்கரத்தைச் சுற்றவிட்டால் மட்டும் வந்தது.

கூட்டிய இலையை என்ன செய்வது என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். எடுத்துவிட்டால் பேரல் ஏற்றும்போது வண்டி படுக்கும். அதே கனத்தை மெயின் அடுக்கில் வைத்தால் காலி வண்டியில் பட்டை விறைப்பாக நிற்கும்; சக்கரம் குழியைப் பின்தொடராமல் குதிக்கும், சக்கரத்தின் மேல் எடை நிற்காது. லோடு இருந்தால் துள்ளாமல், காலியில் துள்ளியதற்கு இதுவும் ஒரு காரணம். எடுத்த முடிவு: அந்த இலையை நீக்கி, லோடு ஏறிப் பட்டை படியும்போது மட்டும் தொடும் ஹெல்பர் இலை ஒன்றை அடியில் வைத்தது. பேரல் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. அடுக்கின் கனம் மாறினால் யூ-போல்ட் நீளமும் மாறும் என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே நினைவில் வைக்க வேண்டும்.

ஷேக்கிள் பழைய நீளத்துக்குத் திரும்பியது. பினியன் கோணம் அதோடு சரியாகிவிட்டது, ஆப்புத் தகடு தேவைப்படவில்லை. உயரத்தைக் குறைக்க மனமில்லாதவர்கள் பட்டைக்கும் மேடைக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துத்தான் கோணத்தைத் திருத்த வேண்டும். பித்தளை, அலுமினியம் வேண்டாம், நசுங்கும். இரும்புத் தகடு, சென்டர் போல்ட்டில் கோர்த்ததாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஷாக். வண்டி நிற்கும் நிலையில் மொத்த ஓட்டத்தில் பாதியளவு நீளவும் பாதியளவு சுருங்கவும் மிச்சம் இருக்கும் நீளத்தில் புது ஜோடி. பிராக்கெட்டை வெட்டியெடுத்து, பின்னால் வலுத்தகடு வைத்துப் புதிதாக வெல்டிங். இதற்குப்பின் அதே ஏற்றத்தில் 4-லோ முதல் கியரில் சக்கரத்தைச் சுற்றவிட்டால் இரண்டு துடிப்பு வந்து தானே அடங்கியது. இரண்டாம் கியரில் அதுவும் இல்லை.

ஷாக்கை மட்டும் முதலில் மாற்றியிருந்தால்? ஓரளவு அடங்கியிருக்கும். ஆடும் மேடையோடு புது ஷாக் எவ்வளவு காலம் தாங்கும் என்பது வேறு கேள்வி. விசை சேரும் இடத்தை முதலில் அடைத்து, பிறகு அடக்குவதை வலுப்படுத்துவதே சரியான வரிசை.

ஒன்றில் உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆக்ஸில் முறுக்கைத் தடுக்க ஹவுசிங்கிலிருந்து சேஸிஸுக்கு நேராக இரும்புக் குழாயை வெல்டிங் செய்வதை இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் பார்க்கலாம். பட்டை படியும்போது ஆக்ஸில் நகரும் வளைவும் அந்தக் குழாய் நகரும் வளைவும் ஒன்றல்ல. இரண்டும் சண்டையிட்டு ஏதாவது ஒன்று கிழியும், பெரும்பாலும் சேஸிஸ். குழாய் கட்டாயம் வேண்டுமென்றால் சேஸிஸ் முனையில் அதற்கென்று ஒரு ஷேக்கிள் வைத்து, முன்பின் நகர்வுக்கு இடம்விட்டுக் கட்ட வேண்டும். யூ-போல்ட்டும் ஷாக்கும் சரியாக இருக்கும் தோட்டத்து ஜீப்புக்கு அது தேவைப்படுவது அரிது.

மணல் மூட்டையும் மருந்தல்ல. எடை கூடினால் டயர் வழுக்கும் கணம் தள்ளிப்போகும். அதற்குள் பட்டையில் இன்னும் அதிக விசை சேர்ந்திருக்கும். அதையும் மீறி வழுக்கினால் அடி முன்பைவிடப் பலமாக விழும்.

பனிக்கு வண்டி கொண்டுபோகிறவர்களுக்கு

என்.எச். 44 ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிறது. நாகர்கோவிலில் கிளம்பி மணாலி, ஸ்பிதியின் காஸா, காஷ்மீர் என்று குளிர்காலத்தில் ஜீப்பில் போகிறவர்கள் உண்டு. இங்கே சேற்றில் துள்ளும் வண்டி அங்கே பனியிலும் துள்ளும். இறுகிய பனியில் உராய்வு எண் 0.2, 0.3 அளவு, பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழே. காய்ந்த தாரில் 0.7க்கு மேல். சீரான பனிக்கட்டியில் டயர் முறுக்கு ஏறும் முன்பே வழுக்கிவிடும், பட்டையில் விசை சேராது. ஆபத்து, பனியும் பாறையும் தாரும் திட்டுத்திட்டாகக் கலந்த இடத்தில். சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று தாரைக் கடிக்கும்போது விழும் அடியை நம் செம்மண் சரளை தருவதில்லை.

அங்கே சோதிக்கும்போது நான்கை நினைவில் வைக்க வேண்டும். 30 டிகிரி வெயிலில் 30 பவுண்டு அடித்த டயர், உயரம் மாறாவிட்டால் மைனஸ் 10 டிகிரியில் ஏறக்குறைய 24தான் காட்டும்; அளக்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. குளிரில் ஷாக் எண்ணெய் தடித்து, ஓடிச் சூடாகும்வரை ஷாக் விறைப்பாக இருக்கும். செத்த ஷாக்கைக்கூட நல்லது என்று நினைக்கவைக்கும். ரிம்முக்குள் பனி உறைந்தால் வரும் உதறல் நம்மூர் செம்மண் உதறலேதான், தட்டி எடுத்தால் போய்விடும். சங்கிலி கட்டிய சக்கரம் தரும் தட்டலும் துள்ளல் அல்ல. சக்கர வேகத்தோடு அதன் எண்ணிக்கை மாறும்.

துள்ளும்போதும் துள்ளிய பிறகும்

கோளாறு தீராத வண்டியில் துள்ளல் தொடங்கினால் செய்ய வேண்டியது ஒன்றே: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது. பக்கத்தில் நிற்பவர் "கால எடும் அண்ணே, கால எடும்" என்று கத்துவதும் நல்லதே. உள்ளே இருப்பவருக்கு முதல் ஒன்றிரண்டு அடி எஞ்சின் இரைச்சலில் கேட்காது. பிரேக் பிடித்து நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ரிவர்ஸ் கியரில் கிளட்சை முழுவதும் விட்டு நேர்கோட்டில் கீழே வர வேண்டும். கிளட்சை மிதித்து உருட்டினால் வண்டி கையில் நிற்காது. அடுத்த முறை 4-லோ இரண்டாம் கியரில், கீழேயே சற்று வேகம் எடுத்து, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைக் கூட்டாமல் ஏற வேண்டும். முதல் கியர்தான் வலு என்று எல்லாரும் அதில் போடுகிறார்கள். வழுக்கும் தரையில் அந்த வலு பட்டையை முறுக்கத்தான் உதவும்.

புது யூ-போல்ட் போட்டபின் 100 கி.மீ.யில் ஒருமுறை, 500 கி.மீ.யில் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைக்க வேண்டும். இறுக்கியதும் நட்டுக்கும் மேடைக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவைத்தால், பிறகு சேற்றைத் துடைத்து ஒரு பார்வை பார்த்தால் போதும்.

பலமாகத் துள்ளிய வண்டியில் பேரல் ஏற்றும் முன் ஷாஃப்டைக் கையால் இருபக்கமும் திருப்பி ஜாயின்ட் கிராஸில் ஆட்டம் பார்க்க வேண்டும். பினியன் சீலில் புது எண்ணெய்க் கசிவு, ஷாக் பிராக்கெட்டில் பிளவு, யூ-போல்ட் கோடு ஆகியவற்றையும். காரணம் ஹேண்ட் பிரேக். மேலே சொன்ன பழைய வகை ஜீப்களில் அது பின் ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. கிராஸ் உடைந்தால் அந்தக் கணமே ஹேண்ட் பிரேக்கும் போயிற்று. முன் ஹப் பூட்டி நாலுவீலில் வைத்தால் முன்சக்கரம் பிடிக்கும், ஆனால் மேல்நோக்கி நிற்கும் வண்டியில் முன்சக்கரத்தின் மேல் எடை குறைவு, நனைந்த செம்மண்ணில் இழுத்துக்கொண்டு வரும். ஆகவே சாய்வில் நிறுத்தினால், ஓட்டுநர் இருக்கையைவிட்டு இறங்கும் முன்பே இன்னொருவர் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் கல் வைத்திருக்க வேண்டும்.